ஊர்க்காரியம் யார் கையில்? ஓசூர் முதல் மத்தூர் வரை

ஓசூர்

அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது வயல் அல்ல, ஷிப்ட் பஸ். விடிகிற நேரத்தில் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளைஞர்கள் சாலையோரம் நிற்கிறார்கள். டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே ஆளின் வாயில் மாறி மாறி வருகின்றன. இப்போது இந்தியும் சேர்ந்துகொண்டது. 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாகக் கால் ஊன்றிய பிறகு, சுற்றுவட்டக் கிராமங்களின் பொழுது ஆலை நேரத்துக்கு மாறிவிட்டது. காவிரிப் படுகையில் ஆற்றில் தண்ணீர் வரும் நாளை வைத்து ஆண்டைக் கணக்கிடும் ஊர்களைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த வேகம் வேறு நாட்டில் இருப்பது போன்ற உணர்வைத் தரும்.

இதே ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில்தான் 1878-இல் ராஜாஜி பிறந்தார். அவருடைய தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார் அந்தக் கிராமத்தின் முன்சீப். வரி வசூல், சில்லறை வழக்கு, வரப்புத் தகராறு, ஏரிக்கரை உடைப்பு என்று எதுவானாலும் அந்தக் காலத்தில் முதலில் தட்டப்பட்டது முன்சீப் வீட்டுக் கதவு. முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் பரம்பரை பரம்பரையாக வைத்திருந்த அந்தப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். ஒரு சில குடும்பங்களின் பிடியிலிருந்து ஊர்க் கணக்கை விடுவித்த நல்ல காரியம் அது. ஆனால் பதிவேட்டில் ஏறாத வேலைகள் அப்படியே நின்றன. கால்வாயை அடைத்தவரிடம் போய்ப் பேசுவது, திருவிழா வரியைக் குறித்து வைப்பது, பள்ளிக்கூடச் சுவர் விழுந்தால் மனுவோடு அலைவது, சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது ஆகியவற்றை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை. அவை ஊருக்கு ஒன்றிரண்டு விவசாயிகளின் தலையில் விழுந்தன.

ஓசூரிலிருந்து மத்தூர் வரையிலான பாதையை அந்த விவசாயியை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் செய்வதை நல்ல மனசுக்காரர் ஓய்வு நேரத்தில் செய்யும் தர்மமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பழகித் தேர்ந்த உழைப்பு. சொந்த நிலமும் தன் கையில் இருக்கும் நேரமும்தான் அந்த உழைப்புக்கு முதல். நிலமும் நேரமும் கரையும்போது அந்த ஆளும் கரைந்துபோவார், அவர் இடம் தானாக நிரம்பாது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

சூளகிரி

ஓசூர் மேட்டிலிருந்து சாலை இறங்க இறங்கப் பாறைக் குன்றுகளும் செம்மண்ணும் விரிகின்றன. சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும் தக்காளியும் கோஸும் கட்டுக்கட்டாக, கூடைகூடையாக வண்டி ஏறுகின்றன. காலையில் பறித்த தழை மாலைக்குள் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பாட்டில் இன்னும் ராகிதான் ராஜா. அரிசி நொய் கொதிக்கும் பானையில் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டிதட்டாமல் கிண்டி, உருண்டையாகத் தட்டில் வைத்து, நடுவில் குழித்து அவரைக்கொட்டைக் குழம்பையோ கீரைக் கடைசலையோ ஊற்றித் தருவார்கள். மெல்லாமல் விழுங்க வேண்டிய களி அது. மதியம் வரை ஏர் பிடிக்கிறவர், மண்வெட்டி தூக்குகிறவர் வயிற்றுக்கென்றே அமைந்த சாப்பாடு.

இந்தப் பக்கம் ஒரு ஏக்கர் நிலத்துக்கு இரண்டு மதிப்பு உண்டு. தழையும் காயும் விளைந்தால் வருவது ஒன்று, ஆலைக்கோ மனைக்கோ போனால் வருவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு தலைமுறை உழைத்தாலும் கடக்க முடியாதது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலத்தைத் தர மறுத்து 2023-இல் தொடர்ந்து போராடினார்கள். அப்படி ஒரு போராட்டத்தில் முன்னால் நிற்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஊர்க்காரியத்தில் இருப்பவர்தான். யாருடைய நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, பட்டா தாத்தா பெயரிலேயே கிடப்பது யாருக்கு, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு இல்லாமல் பத்து வீட்டை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது.

ஆலை வேண்டாம் என்று சொல்வது எளிது, ஆலைச் சம்பளம் இல்லாமல் பிள்ளையைப் படிக்க வைத்துப் பார் என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிய வீட்டுக்கு மாதாமாதம் வரும் சம்பளம் பெரிய விடுதலை. பண்ணையாரிடம் கைகட்டி நின்ற வீட்டுப் பிள்ளை இன்று பி.எஃப். எண்ணோடு நிமிர்ந்து நடக்கிறான் என்றால் அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் மூன்று ஷிப்டில் மாறி மாறி உழைப்பவர் தண்ணீர் திறக்கும் நாளன்று கால்வாய் மேல் நிற்க முடியாது. ஊர்க்கூட்டம் முடியும் நேரத்தில் அவர் பஸ் ஏறியாக வேண்டும். சம்பளம் வீட்டைத் தூக்கி நிறுத்துகிறது, ஊருக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டாவதை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

கிருஷ்ணகிரி அணை

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளிக்கு வருகிறது. அங்கே சில நாட்களில் ஆற்றின் மேல் வெள்ளைத் துணி விரித்தாற்போல் நுரை மிதக்கிறது. கீழே கிருஷ்ணகிரி அணையில் அதே ஆறு தேங்கி, இடதும் வலதுமாக இரண்டு கால்வாய்களில் பிரிந்து சுமார் 9,000 ஏக்கருக்குப் பாய்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1957-இல் திறக்கப்பட்ட அணை இது. கொள்ளளவு உயரம் 52 அடி. அணைக்குக் கீழே நெல்லும் தென்னையும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. கால்வாய் எட்டாத மேட்டுக்கு ஏறினால் மாந்தோப்பும் புளியமரமும் வெறும் பாறையும்தான்.

2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்து, தேங்கிய தண்ணீர் ஆற்றோடு போனது. மதகைப் புதிதாகப் பொருத்துவது அரசால் மட்டுமே ஆகிற வேலை. எந்த ஊர்ப் பெரியவராலும் அது ஆகாது. பெரிய காரியங்களை அரசு செய்கிறது, சிறிய காரியங்களையும் அதுவே செய்துவிட்டுப் போகட்டும், இடையில் ஊர் ஆள் எதற்கு என்ற வாதம் இங்கே எழும். ஆனால் அணைக்குக் கீழே நடப்பதைக் கவனித்தால் அந்த வாதம் நிற்காது. அணையில் பொறியாளர் திறக்கும் தண்ணீர் பிரதான கால்வாயில் ஓடி, கிளை வாய்க்காலில் இறங்கி, கடைசி வயலை அடைவதற்குள் நூறு கைகளைக் கடக்கிறது. மேல்மடைக்காரர் இரவில் கல்லைப் புரட்டி வைத்தால் கடைமடை காய்ந்துபோகும். துறையின் கணக்கில் தண்ணீர் திறந்தாயிற்று, வயலில் ஈரம் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஊர்க்காரியக்காரர் நிற்கிறார்.

திங்கட்கிழமையானால் அவரைக் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். குறைதீர் கூட்டத்துக்கு வந்து நிற்கும் வரிசையில், பிளாஸ்டிக் உறையில் மடித்த பழைய மனு நகல்களோடு ஒருவர் கட்டாயம் இருப்பார். அவற்றின் ஓரத்தில் ஒப்புகை எண்ணும் தேதியும் நீல மையில் குறித்திருக்கும். எந்தத் துறைக்கு எப்போது எழுதியது, யார் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்கிறது. அலுவலர் மாறுதலாகிப் போய்விடுவார். புதியவருக்கு ஊர்ப் பிரச்சினையின் முழு வரலாறு அந்தக் கட்டிலிருந்துதான் கிடைக்கும். அன்றைக்கு அவர் வயலில் வேலை நின்றிருக்கும். பஸ் செலவும் நகல் செலவும் அவருடையது.

பாரூர்

அணைக்குக் கீழே நெடுங்கல் தடுப்பணையிலிருந்து பிரிந்து வரும் தண்ணீர் பாரூர்ப் பெரிய ஏரியை நிரப்புகிறது. கிழக்கு, மேற்கு என இரண்டு கால்வாய்கள் வழியாகச் சுமார் 2,400 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. போகத்துக்கு அரசாணை வரும், ஆட்சியரும் அதிகாரிகளும் மலர் தூவி மதகைத் திறப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அதற்குப் பிறகு வரும் நாட்களுக்குப் படம் கிடையாது. முறை வைத்துத் தண்ணீர் விடுவது, வாய்க்காலில் சாய்ந்த மரத்தை வெட்டி எடுப்பது, ராத்திரி முறை வந்தவருக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது என்று போகம் முழுக்க வேலை நீளும்.

பழைய குடிமராமத்து இந்த வேலையைத்தான் செய்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கோடைக் கடைசியில் வாய்க்காலைத் தூர் வாரினார்கள். 1858-லேயே ஆங்கிலேயர் அதைச் சட்டமாக்கி, கரை உடைகிற அவசரத்தில் ஊர் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க வழி செய்தார்கள். மனமுவந்து நடந்தது கட்டாயமானதும் ஒட்டு விட்டது. 2017-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. பணம் வந்தது நல்லது. ஆனால் ஜே.சி.பி. தூர் வாரும், தகராறைத் தீர்க்காது. 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு, தேர்தலும் உண்டு. அந்தச் சங்கத்துக்கு உயிர் கொடுப்பவர் ஊரில் இல்லையென்றால் அது வெறும் பெயர்ப் பலகையாகத்தான் இருக்கும்.

ஊர்க்காரியம் தேய்ந்ததற்கு ஆலை மட்டும் காரணம் என்று சொன்னால் பாதி உண்மையை மறைத்ததாகும். இன்னொரு காரணம் ஆழ்துளைக் கிணறு. கோவை வையம்பாளையத்தில் 1925-இல் பிறந்த விவசாயி நாராயணசாமி நாயுடு, தமிழக விவசாயிகள் சங்கத்தை ஊர் ஊராகக் கட்டி, மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டிகளோடு கோவை நகரத்தையே நிறுத்தினார். 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் இறக்கும்வரை அந்தப் பயணம் ஓயவில்லை. தன் வயலைவிட்டு ஊருக்காக அலைந்த விவசாயி என்றால் தமிழ்நாட்டில் முதலில் வரும் பெயர் அவருடையது. அவர் மூட்டிய போராட்டத்தின் பலனாகப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பின. அதே மின்சாரம் ஒவ்வொருவருக்கும் சொந்தத் தண்ணீரையும் தந்தது. போர் போட்டவருக்கு ஏரி தேவைப்படவில்லை, ஏரி தேவைப்படாதவருக்கு ஊர்க்கூட்டம் தேவைப்படவில்லை. இப்போது ஆயிரம் அடிக்குக் கீழேயும் ஈரமில்லாமல் போர்கள் காயும்போது, எல்லோரும் மறுபடி ஏரிக்கரைக்கு வர வேண்டியிருக்கிறது. வந்து பார்த்தால் வாய்க்கால் எது, யார் நிலத்தின் வழியாகப் போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம்.

போச்சம்பள்ளி

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடு, கோழி, புளி, மிளகாய், கருவாடு, கயிறு, மண்வெட்டிக் காம்பு என்று சுற்றுவட்ட வாழ்க்கை முழுவதும் அங்கே தரையில் விரிந்து கிடக்கிறது. வாங்குகிறவர் விற்கிறவரோடு ஊர்ச் செய்தியையும் பரிமாறிக்கொள்கிறார். எந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று, எங்கே பாரதக் கூத்து வைக்கிறார்கள், எந்த ஏரி கோடி போனது என்பதெல்லாம் இங்கேதான் பரவும். சந்தைக்குச் சற்றுத் தள்ளி, 2021-இல் உற்பத்தி தொடங்கிய ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை நிற்கிறது. பெண்களை முன்னிறுத்தி ஆள் எடுத்த ஆலை அது. காலையில் சீருடையோடு பஸ் ஏறும் பெண்களில் பலரின் அம்மாக்கள் இதே சந்தையில் கீரைக்கட்டு விற்றிருப்பார்கள்.

இங்கேதான் மிகக் கனமான எதிர்வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் உருகிப் பேசும் ஊர்ப் பெரியவர் யார்? நிலமுள்ள சாதியின் ஆண். ஊர்க்கவுண்டர் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னபோது, காலனிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்றார். மடையைத் திறந்து மூடி ராத்திரியெல்லாம் சேற்றில் நின்றவர் பல ஊர்களில் தலித். அவருக்குக் கிடைத்தது களத்துமேட்டில் கொஞ்சம் தானியம், மரியாதை பெரியவருக்கு. பெண்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. இந்தக் குற்றச்சாட்டின் ஒவ்வொரு வரியும் உண்மை. தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனும் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டது, ஊர்க்காரியம் தங்கள் சொத்து என்று நினைத்தவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்குச் சாட்சி.

ஆனால் இதிலிருந்து ஊர்க்காரியமே வேண்டாம் என்ற முடிவுக்கு வர முடியாது. முருகேசன் உயிரைப் பணயம் வைத்தது அந்தப் பொறுப்பு வேண்டும் என்பதற்காகத்தான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு தந்தது. 2016-இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. கதவு திறந்தால் யார் வருவார்கள் என்பதற்குக் காரமடை அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் சான்று. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, சிறு மளிகைக் கடையிலிருந்து மிச்சம் பிடித்து நிலம் வாங்கியவர். நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் பார்த்தவர், ஊராட்சி உறுப்பினராகவும் ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024 செப்டம்பரில் மறைந்தார். நிலத்தில் உழைப்பதும் ஊருக்கு உழைப்பதும் ஒரே வாழ்க்கையில் அவருக்கு இயல்பாகச் சேர்ந்திருந்தன. ஊர்க்காரியத்தை ஒரு சாதியின், ஒரு பாலின் கையிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும். ஆளே இல்லாமல் விட்டுவிட்டால் அது பொதுவாகாது. பணமும் அடியாளும் உள்ளவர் கைக்குப் போகும்.

மத்தூர்

சந்தூரை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் மா ஒட்டுக்கன்று நாற்றங்கால்கள். பாலித்தீன் பையில் வரிசையாக அடுக்கிய கன்றுகள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாம்பழம்தான் இந்த வட்டாரத்தின் பெரிய பயிர். விலை விழுந்த ஆண்டில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பழம் மரத்தடியிலேயே அழுகும். கிருஷ்ணகிரி – திருவண்ணாமலைச் சாலையில் உள்ள மத்தூர், ஓசூரோடு ஒப்பிட்டால் அமைதியான ஊர். ஒன்றிய அலுவலகம், உரக்கடைகள், டிராக்டர் பட்டறைகள், மாலையில் ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் என்று இரண்டு காலமும் இங்கே சேர்ந்தே நடக்கின்றன.

பாளேகுளி ஏரி முதல் சந்தூர் ஏரி வரை 28 ஏரிகள் ஒரு கால்வாயில் கோத்தவை போலத் தொடர்கின்றன. அணையில் உபரி இருக்கும்போது இந்த ஏரிகளுக்குத் தண்ணீர் விடுங்கள் என்பது இப்பகுதி விவசாயிகளின் ஓயாத கோரிக்கை. முதல் ஏரி நிரம்பிக் கோடி போனால்தான் அடுத்ததற்கு வரும். நடுவில் ஓர் ஊர் கால்வாயைத் தூர் வாராமல் விட்டால், அதற்குக் கீழே உள்ள அத்தனை ஊரும் காத்திருக்க வேண்டும். அதனால் இங்கே ஊர்க்காரியம் ஓர் ஊரோடு நிற்பதில்லை. ஊர்க்காரியக்காரர் தன் ஊர் ஏரிக்காக இன்னொரு ஊரில் போய்ப் பேச வேண்டும், அங்கே அவருக்கு அதிகாரம் ஏதும் கிடையாது, பழக்கமும் நம்பிக்கையும்தான் உண்டு. இருபது முப்பது ஆண்டுகள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்வந்து சேர்த்த நம்பிக்கை அது. எந்த அரசாணையாலும் அதை ஓர் அலுவலருக்கு மாற்றித் தர முடியாது.

இதன் அருமை தெரியாமல்தான் நாம் உள்ளாட்சியை நடத்துகிறோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 333 ஊராட்சிகளிலும் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அவரிடம் ராத்திரி பத்து மணிக்குப் போய், மேல்மடைக்காரர் தண்ணீரை அடைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைத் தானே நிறுவியது. தலைவர் சண்முகம் அந்த ஊர்க்காரர், பத்தாண்டு தொடர்ந்து பொறுப்பில் இருந்தார். அந்த ஊர் அதிர்ஷ்டத்தால் வளரவில்லை. உள்ளூர் ஆளுக்கு அதிகாரமும் காலமும் ஒருசேரக் கிடைத்ததால் வளர்ந்தது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தலை ஒரு நாள்கூடத் தள்ளாமல் நடத்த வேண்டும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலமில்லாத, மடையில் உழைக்கிற குடும்பங்களுக்கும் குரல் வேண்டும். ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம், வயல் வேலையை விட்டுவிட்டு வரும் ஒருவரின் நாள்கூலியையாவது ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் வசதியுள்ளவர் மட்டுமே பொறுப்புக்கு வருவார், பழைய கதைதான் தொடரும். கிராம சபை நாளில் ஷிப்டில் இருக்கும் தொழிலாளிக்கு ஆலை சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும். இந்த மண்ணையும் தண்ணீரையும் பயன்படுத்தும் ஆலை ஆண்டுக்குச் சில நாட்களை அந்த ஊருக்குத் திருப்பித் தருவது பெரிய தியாகம் ஆகாது. வாய்க்கால் வழி, முறைப்பட்டியல், எல்லைக் கல் என்று பெரியவர்கள் தலையில் இருப்பதை அவர்கள் இருக்கும்போதே எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் பழைய ஊர்க்கவுண்டர் திரும்பி வரமாட்டார், வரவும் வேண்டாம். ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, காலனியிலிருந்து படித்து வந்த இளைஞர் ஒருவர், நாலு ஏக்கர் மாந்தோப்பை விடாமல் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் ஆகிய மூவரும் சேர்ந்து அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஒருவர் ஆயுள் முழுக்க இலவசமாகச் சுமந்ததை மூவர் முறை வைத்துச் சுமக்கலாம். பாளேகுளியிலிருந்து சந்தூர் வரை தண்ணீர் வந்து சேர இருபத்தெட்டு ஏரிக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். அவர்களை உருவாக்குவதும் காப்பதும் மதகு கட்டுவதற்குச் சமமான அரசுக் கடமை.